லோட் ரன்னர்: குழி வெட்டி ஓடும் ஆட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லோட் ரன்னரில் நாம் இயக்கும் ஆளுக்குக் குதிக்கத் தெரியாது. அவனிடம் துப்பாக்கி கிடையாது. யாரையும் அடிக்கவும் முடியாது. துரத்தும் காவலரிடம் சிக்காமல் நிலையிலுள்ள தங்கத்தையெல்லாம் எடுத்து வெளியேறுவதே அவன் வேலை. ஓடுவான், ஏணி ஏறுவான், கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி நகர்வான். இவற்றோடு, தன் இடப்புறமோ வலப்புறமோ காலடிக்குப் பக்கத்துச் செங்கல்லில் ஒரு குழி தோண்டுவான். சில நொடிகளில் அந்தக் குழி தானாக மூடிக்கொள்ளும். 1983-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த இந்த ஆட்டத்தின் 150 நிலைகளும் இந்த ஒரே குழியின் மேல்தான் நிற்கின்றன. அந்தக் காலத்து வீட்டுக் கணினி ஆட்டங்களில் இவ்வளவு குறைந்த விதிகளிலிருந்து இவ்வளவு சிந்தனையைப் பிழிந்தெடுத்த வேறொன்றை நான் ஆடியதில்லை.

முதன்முறை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இதை வெறும் துரத்தல் ஆட்டம் என்று எண்ணி வேகமாக ஓடுகிறார்கள். முதல் ஐந்தாறு நிலைகள் அதற்கு இடம் கொடுக்கும். பிறகு ஒரு நிலையில் திடீரென்று எதுவுமே நடக்காது. தங்கம் கண்ணுக்குத் தெரியும், போக வழி இருக்காது. போனாலும் திரும்ப முடியாது. பலர் ஆட்டத்தைக் கைவிடும் அந்த இடத்தைத் தாண்ட உதவுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது

இதை உருவாக்கியவர் டக்ளஸ் ஸ்மித். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோது, அங்கிருந்த பிரைம் மினி கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட 'காங்' என்ற ஆட்டம்தான் இதன் விதை. அதில் படங்களே கிடையாது. எழுத்துகளும் குறிகளும்தான் சுவர்களாகவும் ஏணிகளாகவும் நின்றன. 1982-இல் அதை ஆப்பிள் 2-க்கு மாற்றி 'மைனர்' என்று பெயரிட்டார். கணினி ஆட்டங்களை வெளியிடும் பிராடர்பண்ட் நிறுவனம் முதலில் அதைத் திருப்பி அனுப்பியது. அவர் மெருகேற்றி மறுபடி அனுப்பியபோது ஏற்றுக்கொண்டது. ஆள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்வதுபோல நகர வேண்டும், 150 நிலைகள் வேண்டும் என்று கேட்டு 10,000 டாலர் முன்பணமும் தந்தது. 'லோட்' என்றால் பாறைக்குள் ஓடும் தாது ரேகை. அப்படிப் பார்த்தால் பெயரிலேயே சுரங்கமும் ஓட்டமும் இருக்கின்றன.

அந்நாளில், காசு போட்டு ஆடும் ஆர்கேடு கூடங்களில் புகழ்பெற்ற ஆட்டங்களைத்தான் வீட்டுக் கணினிக்குக் கொண்டுவருவார்கள். லோட் ரன்னர் எதிர்த்திசையில் போனது. 1984-இல் ஜப்பானின் ஐரெம் நிறுவனம் இதை ஆர்கேடு இயந்திரமாக வெளியிட்டது. அதே ஆண்டில் ஹட்சன் சாஃப்ட் நிறுவனம், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் ஃபேமிகாம் கருவிக்குக் கொண்டுவந்தது.

முதல் படி: ஆட்டத்தைத் திறந்து, வேகத்தைக் குறையுங்கள்

இன்று இதை ஆட, பழைய கணினியைப்போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான ஆப்பிள் 2 எமுலேட்டர் ஒன்று போதும். இணைய ஆவணக் காப்பகத்தில் ஆப்பிள் 2 ஆட்டங்கள் பலவற்றை உலாவியிலேயே ஆடலாம். ஃபேமிகாம் பதிப்பு அழகானது. ஆனால் அதில் நிலையின் ஒரு பகுதிதான் திரையில் தெரியும், மீதி பக்கவாட்டில் நகர்ந்து வரும். முழு நிலையையும் ஒரே பார்வையில் காண்பது இந்த ஆட்டத்தின் உயிர் என்பதால், ஆப்பிள் 2 பதிப்பில் தொடங்குவதுதான் சரி.

விசைப்பலகையில் ஆட, கண்ட்ரோலையும் கே-யையும் சேர்த்து அழுத்துங்கள். கண்ட்ரோலும் ஜே-யும் சேர்ந்தால் ஜாய்ஸ்டிக். ஜாய்ஸ்டிக் இல்லாமலேயே அந்த முறையில் விட்டுவிட்டால் ஆள் தன்போக்கில் நகர்வதுபோலத் தோன்றும். ஆட்டம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். விசைப்பலகையில் ஐ மேலே, கே கீழே, ஜே இடப்பக்கம், எல் வலப்பக்கம். யூ இடப்புறம் தோண்டும், ஓ வலப்புறம் தோண்டும். வலக்கையின் விரல்கள் இயல்பாகப் படியும் இடத்திலேயே ஆறு விசைகளும் இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே பழகிக்கொள்ள வேண்டும். விசையிலிருந்து விரலை எடுத்தாலும் ஆள் நிற்க மாட்டான். அந்தக் காலத்து ஆப்பிள் 2 விசைப்பலகை, எந்த விசை அழுத்தப்பட்டது என்று சொல்லும்; எப்போது விடப்பட்டது என்று சொல்லாது. அதனால் அடுத்த விசையைத் தொடும்வரை ஆள் ஓடிக்கொண்டே இருப்பான். நிறுத்த வேண்டுமானால் ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத ஒரு விசையைத் தட்டுங்கள். நான் இடைவெளி விசையைப் பயன்படுத்துகிறேன். இது கைக்குப் பழகாதவரை, தோண்டிய குழியில் நீங்களே போய் விழுவீர்கள்.

அடுத்து, இடப்பக்க அம்புக்குறி விசையைச் சில முறை தட்டுங்கள். ஆட்டம் மெதுவாகும். வலப்பக்க அம்புக்குறி வேகத்தைக் கூட்டும். மெதுவாக ஆடுவதில் கூச்சப்பட ஏதுமில்லை. காவலர்களின் நடத்தையைக் கண்ணால் கற்க அதுதான் வழி. எஸ்கேப் ஆட்டத்தை நிறுத்திவைக்கும். கண்ட்ரோலுடன் ஏ அழுத்தினால் ஓர் உயிரைக் கொடுத்து நிலையை முதலிலிருந்து தொடங்கலாம். மீள முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் இதை விட்டால் வேறு கதியில்லை.

ஐந்து உயிர்களோடு தொடங்குகிறீர்கள். ஒவ்வொரு நிலையை முடிக்கும்போதும் ஓர் உயிர் கூடும். ஒரு தங்கத்துக்கு 250 புள்ளி, காவலனைக் குழியில் சிக்கவைத்தால் 75, நிலையை முடித்தால் 1,500. இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்: காவலரைக் கொல்வதற்காக நேரம் செலவிடுவது வீண்.

இரண்டாம் படி: திரையைப் படியுங்கள்

திரை 28 கட்டம் அகலம், 16 கட்டம் உயரம். ஒவ்வொரு கட்டத்திலும் பத்து வகைப் பொருள்களில் ஒன்று இருக்கும்: வெற்றிடம், செங்கல், தோண்ட முடியாத கெட்டித் தளம், ஏணி, கயிறு, பொய்ச் செங்கல், மறைந்திருக்கும் வெளியேறும் ஏணி, தங்கம், காவலன், நம் ஆள். இவ்வளவுதான்.

பொய்ச் செங்கல் பார்ப்பதற்கு நல்ல செங்கல் போலவே இருக்கும். கால் வைத்தால் உள்ளே விழுவோம். வெளியேறும் ஏணி, கடைசித் தங்கத்தை எடுத்தபின்தான் தோன்றும். அதில் ஏறித் திரையின் உச்சியைத் தொட்டால் நிலை முடிந்தது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது என்பதையும் நினைவில் வையுங்கள். விழுவது இங்கே ஒரு பயண முறை. ஆனால் விழும்போது திசை மாற்ற முடியாது. கீழே கயிறு இருந்தால் ஆள் அதைத் தானாகப் பிடித்துக்கொள்வான். கயிற்றை விட வேண்டுமானால் கீழ் விசையை அழுத்த வேண்டும்.

நிலை திறந்ததும் நம் ஆள் சிமிட்டிக்கொண்டு நிற்பான். நீங்கள் ஒரு விசையைத் தொடும்வரை நேரம் ஓடாது. இந்த இலவச நேரத்தைப் பயன்படுத்தாதவர்கள்தான் பிறகு உயிர்களை இழக்கிறார்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். எந்தத் தங்கத்தை எடுத்தபின் மேலே திரும்பி வர வழியில்லை? வெளியேறும் ஏணி எங்கே முளைக்கக்கூடும்? மூன்றாவது, எந்தப் பள்ளத்தில் நானும் காவலனும் ஒருசேர மாட்டிக்கொள்வோம்? முதல் கேள்விக்குப் பதிலான தங்கத்தைக் கடைசிக்கு ஒத்திவைத்தாலே நடுத்தர நிலைகளில் பாதி அவிழ்ந்துவிடும்.

மூன்றாம் படி: குழியின் விதிகள்

நேர் கீழே தோண்ட முடியாது. இடப்பக்கமோ வலப்பக்கமோ, ஒரு கட்டம் தள்ளி, ஒரு கட்டம் கீழே இருக்கும் செங்கல்லைத்தான் தோண்ட முடியும். அந்தச் செங்கல்லுக்கு மேலுள்ள கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே ஏணியோ, கயிறோ, தங்கமோ இருந்தால் குழி விழாது. "யூ விசை வேலை செய்யவில்லை" என்று குழம்பும் இடங்களில் பெரும்பாலும் காரணம் இதுதான். ஏணியில் நின்றபடியும் கயிற்றில் தொங்கியபடியும் தோண்டலாம். பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

தோண்டும்போது ஆள் ஒரு கணம் அசையாமல் நிற்பான். எனவே காவலன் மூக்குக்கு நேரே வந்தபின் தோண்டிப் பயனில்லை. இரண்டு மூன்று கட்ட இடைவெளி இருக்கும்போதே தோண்டிவிட வேண்டும்.

காவலன் குழியில் விழுந்தால் மாட்டிக்கொள்வான். அவன் தலைமேல் நடந்து அப்பால் போகலாம். இங்கே ஒரு விந்தையான விதி உண்டு. குழிக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் நாம் அதன் வழியே நேராகக் கீழே விழுந்துவிடுவோம்; காவலனோ அதே குழியில் அந்தரத்தில் சிக்கி நிற்பான். ஒற்றைச் செங்கல் கனமுள்ள தளத்தில் இந்த வேறுபாடு பெரிய வரம். நமக்கு அது தப்பும் கதவு, துரத்துபவனுக்குப் பொறி.

மாட்டிய காவலன் சற்று நேரத்தில் ஏறி வெளியே வந்துவிடுவான். அதற்குள் குழி மூடிக்கொண்டால் அவன் நசுங்கி, திரையின் உச்சியில் வேறோர் இடத்தில் மீண்டும் பிறப்பான். இரண்டில் எது நடக்கும் என்பதை, குழி தோண்டி எவ்வளவு நேரம் கழித்து அவன் விழுந்தான் என்பதே முடிவு செய்கிறது. புதிய குழியில் விழுந்தால் ஏறிவிடுவான். பழைய குழியில் விழுந்தால் சாவான். கட்டாயம் ஒருவனை உச்சிக்கு அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு குழிகளை அடுத்தடுத்து வெட்டுங்கள். முதல் குழியிலிருந்து ஏறி வருபவன் அடுத்ததில் விழுவான். அதற்குள் அது மூடும் நேரம் வந்திருக்கும்.

நாம் குழியில் இருக்கும்போது மூடினால் நமக்கும் அதே கதிதான். தான் வெட்டிய குழியில் தானே விழுவது என்ற சொல்வழக்கை இந்த ஆட்டம் எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டும்.

நான்காம் படி: காவலரின் மனத்தைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். காவலர்கள் பைத்தியம்போல நடந்துகொள்கிறார்கள் என்று புதிதாக ஆடுபவர்கள் சொல்வார்கள். நம்மை நோக்கி வருபவன் சட்டென்று திரும்பி எதிர்த்திசையில் ஓடுவான். அது தற்செயல் அன்று. ஒரு கணக்கு.

நாம் நிற்கும் அதே வரிசையில் காவலனும் இருந்து, இடையில் தளம் அறுபடாமல் இருந்தால், அவன் நேராக நம்மை நோக்கி ஓடி வருவான். அப்படி இல்லாவிட்டால், தன் வரிசையில் இடமும் வலமும் எங்கெல்லாம் போக முடியுமோ அங்கெல்லாம் பார்ப்பான். அங்கிருந்து ஏறினால் எந்த வரிசையை எட்டலாம், இறங்கினால் எங்கே போய் நிற்கலாம் என்று கணக்கிடுவான். நம் வரிசைக்கே கொண்டுசேர்க்கும் வழிதான் அவனுக்கு முதல் விருப்பம். அது இல்லையென்றால் நமக்கு மேலே கொண்டுபோகும் வழி. நமக்குக் கீழே விடும் வழியைக் கடைசியாகத்தான் எடுப்பான். தூரம் குறைவு என்பதற்காக அவன் வழியைத் தேர்வதில்லை. அதனால்தான் கையெட்டும் தொலைவில் இருப்பவன்கூட, திரையின் மறுமுனையிலுள்ள ஏணியை நாடி ஓடுகிறான்.

இதிலிருந்து கிடைக்கும் பலன் மிகப் பெரியது. நாம் எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே காவலர் அத்தனை பேரும் திசை மாறுகிறார்கள். ஓர் ஏணியில் ஒரு படி ஏறுங்கள், ஒரு படி இறங்குங்கள். திரையின் மறுகோடியில் ஒருவன் முன்னும் பின்னும் திரும்புவதைக் காண்பீர்கள். கயிறு கட்டிய பொம்மையை ஆட்டுவதுபோல அவனை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். எதிரியை ஓட்டிச் சென்று நிறுத்தும் இந்த வேலை எனக்கு எப்போதும் ஆடுபுலி ஆட்டத்தை நினைவூட்டும். ஆட்டுக்குப் புலியை வெட்டும் வலு இல்லை. புலி நகரும் இடத்தைத் தீர்மானிக்கும் வலு உண்டு.

இன்னொன்றும் உண்டு. காவலர் வழி தேடும்போது பார்ப்பது நிலையின் மூல வரைபடத்தை. நாம் தோண்டிய குழிகள் அதில் இல்லை. அவர்களுக்கு அங்கே இன்னமும் செங்கல்தான் இருக்கிறது. அதனால்தான் கண் முன்னே வாய் பிளந்து கிடக்கும் குழிக்குள் கொஞ்சமும் தயங்காமல் நடந்து வந்து விழுகிறார்கள்.

எண்ணிக்கையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே ஒரு காவலன் மட்டும் உள்ள நிலையை எளிது என்று எண்ணாதீர்கள். காவலர்களுக்கென்று ஒதுக்கிய நகர்வுகளை அவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஐந்து பேர் இருந்தால் ஒவ்வொருவனும் நம் வேகத்தில் பாதியைக்கூட எட்ட மாட்டான். தனி ஒருவனாக இருந்தால் நம் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வருவான்.

காவலர்கள் தங்கத்தையும் எடுப்பார்கள். ஒருவன் ஒரு தங்கப் பெட்டியைச் சுமக்கலாம். சிறிது தூரம் போனபின் எங்காவது போட்டுவிடுவான். திரையில் தங்கமே இல்லை, ஏணியும் முளைக்கவில்லை என்றால் யாரோ ஒருவன் சுமந்துகொண்டிருக்கிறான். அவனைக் குழியில் தள்ளினால் பெட்டி குழியின் வாயிலில் வெளிப்படும். நம்மால் எட்ட முடியாத மூலையிலிருந்து தங்கத்தைக் கொண்டுவரக் காவலனையே சுமைகூலியாகப் பயன்படுத்த வேண்டிய நிலைகளும் உண்டு.

மேலிருந்து அவர்கள் தலையில் இறங்கினால் நாம் சாவதில்லை. தலைமேல் நிற்கலாம், அங்கிருந்து நடந்தும் போகலாம். மோதினால்தான் சாவு.

ஐந்தாம் படி: முதல் நிலையை நடந்து பார்ப்போம்

முதல் நிலையில் ஆறு தங்கம், மூன்று காவலர். நீங்கள் அடித்தளத்தின் நடுவே நிற்கிறீர்கள். வலப்புறம் மூன்று அடி தள்ளி முதல் தங்கம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நிற்காமல் வலக்கோடி வரை ஓடி ஏணியில் ஏறுங்கள். ஏறியதும் இடப்புறம் ஒரு மேடை, அதன்மேல் இரண்டாவது தங்கம்.

இந்த நேரத்தில் நடுத்தளத்துக் காவலன் மேடையின் மறுமுனையிலுள்ள நீண்ட ஏணி வழியே இறங்கி எதிரே வந்தால் பின்வாங்க வேண்டாம். நின்ற இடத்திலேயே இடப்புறம் தோண்டி, அவன் விழும்வரை காத்திருந்து, தலைமேல் நடந்து போங்கள். தங்கத்துக்கு அடியிலுள்ள செங்கல் தோண்டப்படாது என்பது இங்கே கவனத்தில் இருக்கட்டும்.

நீண்ட ஏணியை அடைந்ததும் மேலே ஏற அவசரப்படாதீர்கள். அதன் அடியிலிருந்து இடப்புறமாக ஒரு கயிறு போகிறது. அதைப் பிடித்து மறுமுனைக்குப் போனால் ஒரு சிற்றேணி. அதற்கு இரண்டு அடி அப்பால் மூன்றாவது தங்கம். பாதி வழியில் கயிற்றில் எதிரே யாராவது வந்தால் கீழ் விசையை அழுத்தி விழுந்துவிடுங்கள். அடித்தளத்திலிருந்து மறுபடி தொடங்குவதில் இழப்பு ஏதுமில்லை.

மூன்றாவதை எடுத்தபின் சிற்றேணியில் ஏறி நடுத்தளத்துக்கு வாருங்கள். வலப்புறம் ஓடி, நீண்ட ஏணியில் அதன் உச்சிவரை ஏறுங்கள். ஏறியதும் வலப்புறம் நான்காவது தங்கம். ஒரு காவலன் தொடங்கும் இடமும் அதன் பக்கத்தில்தான். அதைத் தாண்டி உள்ள ஏணியில் ஏறினால் மேல் மேடையில், இடப்புறம் இரண்டு அடியில் ஐந்தாவது. மேடையின் இட விளிம்பிலிருந்து ஒரு கயிறு தொடங்கி, திரையின் இடப்பகுதியிலுள்ள ஏணிவரை நீள்கிறது. கயிற்றில் போய், அந்த ஏணியில் ஏறினால் உச்சித் தளம். அங்கே இடக்கோடிக்கு அருகில் ஆறாவது தங்கம்.

அதை எடுத்த நொடியில், சற்று முன் விட்டுவந்த மேல் மேடையின் இட விளிம்பில் வெளியேறும் ஏணி முளைக்கும். வந்த வழியே ஏணியில் இறங்கித் திரும்பத் தேவையில்லை. உச்சித் தளத்திலேயே வலப்புறம் ஓடி விளிம்பிலிருந்து விழுங்கள். கீழே செல்லும் கயிறு உங்களைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து வலப்புறம் மூன்று கட்டத்தில் ஏணி. துரத்தி வருபவர்கள் ஏணியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வெளியேறியிருப்பீர்கள். விழுவதைப் பயண முறையாக எண்ண வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். எத்தனையோ முறை ஆடிய பிறகும் இந்தக் கடைசி விழுதல் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஆறாம் படி: ஆழமாகத் தோண்டுதல்

செங்கல்லுக்குள் புதைந்த தங்கத்தை எடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் உண்மையான கைத்தொழில். ஒற்றைக் குழியில் இறங்கினால் இருபுறமும் செங்கல் சூழ்ந்திருக்கும். மேற்கட்டம் வெறுமையாக இல்லாததால் மேற்கொண்டு தோண்ட முடியாது. இரண்டு அடுக்கு இறங்க மேலடுக்கில் இரண்டு குழி வேண்டும். மூன்று அடுக்குக்கு மூன்று. தலைகீழாக நிற்கும் படிக்கட்டு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மூன்று அடுக்குச் செங்கல்லைத் துளைத்து இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த நெடுவரிசையின் அடியில் போய்ச் சேர வேண்டுமோ அதற்கு ஒரு கட்டம் வலப்புறம் நில்லுங்கள். இடப்புறம் தோண்டுங்கள். வலப்புறம் ஓரடி நகர்ந்து மறுபடி இடப்புறம் தோண்டுங்கள். இன்னும் ஓரடி நகர்ந்து மூன்றாவது முறை இடப்புறம் தோண்டுங்கள். இப்போது அடுத்தடுத்து மூன்று குழிகள். இடப்புறம் நடந்தால் கடைசியாகத் தோண்டிய குழியில் இறங்குவீர்கள். அங்கிருந்து நடுக்குழிக்கு நடங்கள். அங்கே நின்று இடப்புறம் தோண்டி, வலப்புறம் ஓரடி நகர்ந்து மீண்டும் இடப்புறம் தோண்டுங்கள். இடப்புறம் நகர்ந்தால் இரண்டாம் அடுக்குக்குள் விழுவீர்கள். அங்கே ஒரே ஒரு முறை இடப்புறம் தோண்டி, அதனுள் நடந்தால் மூன்றாம் அடுக்கையும் கடந்துவிடுவீர்கள்.

மொத்தம் ஆறு முறை தோண்டுகிறீர்கள். கவனித்தால் ஒவ்வோர் அடுக்கிலும் வேலை தொடங்கும் இடம் ஒரே நெடுவரிசைதான். எப்போதும் இடக்கோடிக் குழியை முதலில் வெட்டுகிறீர்கள். இந்தத் தாளம் கையில் ஏறிவிட்டால் அடுக்கு எத்தனை என்று எண்ணக்கூட வேண்டியிருக்காது. வலமிடம் மாற்றியும் பழகுங்கள்; ஒரு பக்கம் மட்டுமே பழகியவர்கள் சுவரோரப் புதையல்களில் திணறுவார்கள். இந்த நேரத்தில் காவலன் ஒருவன் குழிக்குள் வந்து விழுந்தால் எல்லாம் கெடும். ஆகவே முதலில் நான்காம் படியில் சொன்னபடி அவர்களை வேறு தளத்துக்கு நகர்த்திவிட்டு, பிறகு தோண்டத் தொடங்குங்கள்.

ஒரு நிலையில் பலமுறை தோற்றுவிட்டால், கண்ட்ரோலுடன் ^ குறியை அழுத்தி அடுத்த நிலைக்குத் தாவலாம். கண்ட்ரோலுடன் @ குறியை அழுத்தினால் ஓர் உயிர் கூடும். இவற்றைப் பயன்படுத்திய ஆட்டத்தின் புள்ளிகள் பட்டியலில் ஏறாது. கற்கும் காலத்தில் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. 150 நிலைகளையும் முடித்தவர்களுக்காக 1984-இல் வந்த 'சாம்பியன்ஷிப் லோட் ரன்னர்' 50 நிலைகளைக் கொண்டது. இந்த வழிகாட்டியின் நுணுக்கங்கள் அத்தனையும் அங்கே முதல் நிலையிலிருந்தே தேவைப்படும்; அவசரப்பட்டு அதில் தொடங்க வேண்டாம்.

ஏழாம் படி: உங்கள் சொந்த நிலை

ஸ்மித் விட்டுச்சென்றவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டத்தோடு சேர்ந்தே வந்த நிலை வரையும் கருவி. 1983-இல் ஆடுபவர் கையிலேயே ஆட்டத்தை உருவாக்கும் கருவியைக் கொடுத்தது அரிதான செயல். அதற்கு இடங்கொடுத்தது அவருடைய சிக்கனமான வடிவமைப்பு. 28-ஐ 16-ஆல் பெருக்கினால் 448 கட்டங்கள். பொருள்கள் பத்தே வகை என்பதால் ஒரு கட்டத்துக்கு அரை பைட் போதும். மொத்தம் 224 பைட். ஆப்பிள் 2 வட்டின் ஒரு பகுதிக்கு 256 பைட் கொள்ளளவு. ஒரு முழு நிலை அதில் அடங்கிவிடும். ஸ்மித் 2014-இல் மறைந்தார். அவர் வகுத்த அந்தக் கட்டங்களில் இன்றும் புதிய நிலைகளை வரைகிறார்கள்.

கண்ட்ரோலுடன் ஈ அழுத்தினால் கருவி திறக்கும். 0 முதல் 9 வரையுள்ள எண்களே தூரிகை: 0 வெற்றிடம், 1 செங்கல், 2 கெட்டித் தளம், 3 ஏணி, 4 கயிறு, 5 பொய்ச் செங்கல், 6 வெளியேறும் ஏணி, 7 தங்கம், 8 காவலன், 9 நம் ஆள். காவலர் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். மூல வட்டில் எழுதாமல், தனியாக ஒரு வட்டுக் கோப்பை வைத்துக்கொண்டு அதில் சேமியுங்கள்.

முதலில் வரைவதற்கு ஒரு பயிற்சி நிலை சொல்கிறேன். திரையின் அடியில் கெட்டித் தளம். அதன்மேல் ஒரு கட்ட உயரத்துக்கு வெற்று நடைபாதை. நடைபாதையின் மேல் மூன்று அடுக்குச் செங்கல். வலப்பக்கத்தில் ஒரு நெடுவரிசை முழுவதும், நடைபாதையின் உயரத்தை மட்டும் விட்டுவிட்டு, உச்சிவரை கெட்டிச் சுவர் எழுப்புங்கள். சுவருக்கு அப்பால், நடைபாதையிலிருந்து திரையின் உச்சிவரை வெளியேறும் ஏணியை வையுங்கள். நடைபாதையின் இடக்கோடியில் ஒரே ஒரு தங்கம். நம் ஆளைச் செங்கல் தளத்தின்மேல், சுவருக்கு இடப்புறம் நிறுத்துங்கள். மூன்று அடுக்கையும் துளைக்காமல் தங்கத்தை எட்ட வழியே இல்லை. காவலன் இல்லாமல் பத்து முறை ஆடிப் பாருங்கள். கை பழகியதும், செங்கல் தளத்தின் மறுகோடியில் ஒரே ஒரு காவலனை நிறுத்துங்கள். தனியாக இருப்பவன் எவ்வளவு விரைந்து வருவான் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். முதல் குழியை அவனுக்காக வெட்டுங்கள், அடுத்த ஆறை உங்களுக்காக.